பத்து என்னும் எண்

சென்ற தை மாதத்தில் தணிக்கையின்பொருட்டு ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தோம். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள சங்கம் அது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. கணக்கில் குறை யாதொன்றும் இல்லை. ஆயினும் தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கம் நம்மை நிறுத்திவிட்டது. பருத்திக்கு மருந்து அடித்த அன்று மாலையே மயங்கி விழுந்து, நான்கு நாள் அரசு மருத்துவமனையில் கிடந்த அங்கத்தினர் ஒருவர், பொதுநல நிதியிலிருந்து உதவி கோரி மனுச் செய்திருந்தார். நிர்வாகக் குழு அதனை ஏகமனதாக நிராகரித்திருந்தது. காரணமும் எழுதப்பட்டிருந்தது: சங்கப் பண்டகசாலையில் வாங்கிய அதே மருந்தை, அதே அளவில், அதே வாரத்தில் அடித்த மற்றப் பதினொருவருக்குத் தீங்கு நேரவில்லை, ஆதலால் மனுதாரரின் நோய்க்கு மருந்து காரணமன்று.

படிப்பவருக்கு இது சரியான நியாயமாகவே தோன்றும். ஒருவர் கூற்றுக்கு எதிராகப் பதினொரு சாட்சிகள்! பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த நாமே, சில ஆண்டுகளுக்கு முன்பாயின், மறு பக்கம் புரட்டியிருப்போம். இப்பொழுது அங்ஙனம் செய்ய மனம் ஒப்பவில்லை. இந்த நியாயம் ஒரு சங்கத்தில் மட்டும் வழங்குவதன்று. வயலிலும் சாயப்பட்டறையிலும், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது. அதற்கு விடை உண்டு. அதனைச் சங்கத்தார் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாவில் இழை அறுவது நூலின் சராசரி பலத்தினாலா? இல்லை, எங்கே மிக நைந்திருக்கிறதோ அங்கேதான் அறுகிறது. கழி முழுதும் சராசரியில் நன்றாயிருந்தது என்று சொல்லி, அறுந்த இழையை யாரும் பொய்யென்பதில்லை.

மனிதர் தாங்கக்கூடிய அளவு எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் அளவு பூச்சியைக் கொல்வதற்கான அளவு. அதனை மனிதர் தாங்கும் அளவென்று மயங்கக் கூடாது. மனிதருக்கான அளவை வேறு வழியில் காண்கின்றனர். எலி முதலிய பிராணிகளுக்கு மருந்தை ஊட்டி, எந்த அளவு வரையில் தீங்கு தோன்றவில்லை என்று குறிக்கின்றனர். அந்த அளவை 100-ஆல் வகுக்கின்றனர். உணவில் எஞ்சி நிற்கலாகும் அளவாயினும், தெளிப்பவர் உடலில் சேரலாகும் அளவாயினும், பெரும்பாலும் இதுவே முறை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமன், ஃபிட்ஸ்ஹியூ என்னும் இருவர் 1954-இல் இதனை எழுதிவைத்தனர். நூறு என்பது பத்தைப் பத்தால் பெருக்கியது என்று பிற்காலத்தார் பொருள் கொண்டனர்: எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்கு ஒரு பத்து, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்கு மற்றொரு பத்து.

ஏன் பத்து? எட்டோ பதினைந்தோ ஆகாதா? அளந்து கண்ட எண் அன்று அது. அனுபவமும் கணக்கு வசதியும் சேர்ந்து தந்த முழு எண். அக்காலத்தில் அதைவிடச் சிறந்த வழி இருந்ததில்லை. அதனைக் குறித்தவர்களை நாம் குறை கூறவில்லை. கைவசம் அளவுகோல் வந்த பிறகும் பழைய எண்ணிலேயே நிற்பதுதான் கேள்விக்குரியது.

அந்த அளவுகோலின் ஆரம்பப் பாடங்களுள் ஒன்று நம் சென்னையிலேயே கற்கப்பட்டது என்பதை அன்பர் பலர் அறியார். 1956-இல் சேத்துப்பட்டில் க்ஷயரோக இரசாயன சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. ஐசோநியாசிட் என்னும் மருந்தை அங்கு நோயாளிகளுக்குக் கொடுத்து, இரத்தத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தனர். ஒரே அளவு மருந்து. ஆயினும் சிலர் உடல் அதனை விரைவில் சிதைத்துவிடுகிறது. சிலர் உடல் நெடுநேரம் வைத்திருக்கிறது. தென்னிந்தியரில் மெதுவாகச் சிதைப்பவர் 100-க்கு ஏறத்தாழ 60 பேர். இது பிறவியில் அமைந்த குணம். நோஞ்சான், பலசாலி என்ற பேதத்தைப் பற்றியதன்று. அதிக அளவு கொடுத்தபொழுது, மெதுவாகச் சிதைப்பவருக்கே கைகால் நரம்புகளில் எரிச்சலும் மரப்பும் மிகுதியாகக் கண்டன. சிறிதளவு பி-6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்து அதனைத் தடுத்தனர். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபொழுதோ விரைவாகச் சிதைப்பவருக்குப் பயன் குறைந்தது. ஒருவருக்கு மிகுதியானது மற்றொருவருக்குப் போதாததாயிற்று. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அந்நோயாளிகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அதற்கு என்ன மதிப்பு?

மருந்தாயினும் விஷமாயினும் உடலுக்கு இரண்டும் இரசாயனமே. இங்கே கணக்கின் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். உயரத்தில் மனிதர் வேறுபடுவது ஒருவகை. சராசரிக்கு ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே. இருமடங்கு உயரமுள்ளவர் எவருமில்லை. உடலில் விஷம் தங்குவது அவ்வாறன்று. தோல் வழியாக எவ்வளவு புகுகிறது, ஈரல் எவ்வளவு சிதைக்கிறது, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்ற ஒவ்வொரு படியிலும் உள்ள வேற்றுமை அடுத்ததோடு கூடுவதில்லை, பெருகுகிறது. மூன்று படிகளிலும் இரண்டு மடங்கு வீதம் பாதகமாக அமைந்தவருக்கு ஆறு மடங்கன்று, எட்டு மடங்கு. அன்று காற்று எத்திசையில் வீசிற்று, சட்டை கிழிந்திருந்ததா என்பவை இதற்கு மேலும் பெருக்கற்பாலன. ஆகவே மனிதரை வரிசையாக நிறுத்தினால், அவ்வரிசை ஒரு பக்கம் நீண்ட வாலுடையதாகிறது. புள்ளியியலார் இதனை மடக்கை இயல்நிலைப் பரவல் என்பர்.

இதனால் பயன் யாதெனில், வரிசையின் நடுவையும் ஓரிடத்தையும் அளந்துவிட்டால் மற்ற இடங்களை ஒருவாறு கணிக்கலாம். ஒரு பொருள் நடுவிலுள்ளவரைவிட, 100 பேரில் 95-ஆவதாக நிற்பவர் உடலில் 3 மடங்கு தங்குகிறது என்று கொள்வோம். அப்பொழுது 99-ஆவது நபருக்கு அது ஏறத்தாழ 5 மடங்காகும். 10 மடங்கைத் தாண்டுவோர் பதினாயிரத்தில் மூவரே. பத்து என்னும் எண் இங்கே போதும். அதே 95-ஆவது நபருக்கு 6 மடங்கு என்றால் நிலைமை வேறு. 1,000 அங்கத்தினருள்ள சங்கத்தில் ஏறத்தாழ 17 பேர் அந்தப் பத்துக்கு வெளியே நிற்பர். பொருளுக்குப் பொருள் மாறும் இதனை ஒரே எண்ணால் அடக்குவது எங்ஙனம்?

பயிரிடும் அன்பர்களுக்கு நேரே உரிய உதாரணம் ஒன்று உண்டு. குளோர்பைரிபாஸ், டையாசினான் போன்ற பாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துகள் ஈரலில் வேறொரு கொடிய உருவத்தை அடைந்து நரம்பைத் தாக்குகின்றன. அவ்வுருவத்தை அழிக்கும் பாராக்ஸனேஸ் என்னும் நொதிப்பொருள் நம் இரத்தத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் வயல் வேலைகள் மிகுந்த ஊர்களைச் சேர்ந்த 130 தாய்மாரிடமும் அவர்தம் சிசுக்களிடமும் இதனை அளந்து 2006-இல் வெளியிட்டனர். தாய்மாருக்குள்ளேயே 14 மடங்கு வேற்றுமை. சிசுக்களுக்குள் 26 மடங்கு. சிசுக்களின் சராசரி, தாய்மாரின் சராசரியில் நான்கில் ஒரு பங்கே. இது இரத்தத்தில் ஒரு படியின் அளவு மட்டுமே. 26 மடங்கு நோய் என்று இதற்குப் பொருளன்று. ஆயினும் ஒரு படியிலேயே பத்தைத் தாண்டிவிட்டதே! குழந்தைகளின்பொருட்டு இன்னொரு பத்தால் வகுக்க வேண்டும் என்று அமெரிக்கா 1996-இல் சட்டமே செய்தது; நம்பத்தக்க ஆதாரம் இருந்தாலன்றி அதனைக் குறைத்தல் கூடாது. மருந்து அடித்த சட்டையோடு வீட்டிற்குள் சென்று குழந்தையைத் தூக்கும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

சாயப்பட்டறைக்கு வருவோம். ஐசோநியாசிட்டைச் சிதைக்கும் அதே நொதிதான் சில சாயங்களிலிருந்து பிறக்கும் அமீன் பொருள்களையும் மாற்றுகிறது. இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில் சாயத் தொழிலில் ஈடுபட்டு மூத்திரப்பையில் புற்றுநோய் கண்டவர் 23 பேரைச் சோதித்து 1982-இல் வெளியிட்டனர். அவருள் 22 பேர் மெதுவாகச் சிதைப்பவர். ஆனால் சீனாவில் பென்சிடினை மட்டும் கையாண்ட தொழிலாளரிடம் 1993-இல் வெளியான ஆய்வு இத்தொடர்பைக் காணவில்லை. ஒரு பொருளுக்குப் பாதுகாப்பாய் இருக்கும் குணம் மற்றொரு பொருளுக்கு அவ்வாறு இருப்பதில்லை என்பதே இதன் தாத்பரியம். ஆகவே "இவன் பலவீனன், வேலைக்கு ஆகான்" என்று ஒருவரைப் பட்டறையினின்றும் விலக்குவதற்கு இந்த ஆராய்ச்சியைத் துணைக்கு அழைப்பவர் அதனைப் படித்தவர் அல்லர். பென்சிடின் சாயங்களையே 1990-களில் இந்திய அரசு தடை செய்தது, அதுவே நேர்வழி. விலை மலிவென்று பெயர் தெரியாத சாயத்தைக் கொள்முதல் செய்யும் காரியதரிசிகள் சிலரை நாம் அறிவோம். அதனைத் தனியே பிறிதொரு முறை எழுதுவோம்.

இனி அறிஞர் உலகம் என்ன செய்தது? இங்கிலாந்தின் ரென்விக் என்பவர் 1993-இல் பத்தை இரண்டாகப் பிரித்தார்: பொருள் உடலில் எவ்வளவு தங்குகிறது என்பது ஒன்று, தங்கிய பொருள் எவ்வளவு தாக்குகிறது என்பது மற்றொன்று. ஒரு பகுதிக்கு அளந்த எண் கிடைத்தால் அதனை இட்டு, மற்றதற்குப் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2005-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2014-இல் மேலும் ஓரடி சென்று, பாதுகாப்பான அளவு என்று ஒற்றை எண்ணைச் சொல்லாமல், இந்த அளவில் ஜனத்தொகையில் இத்தனை பங்கினருக்கு இன்ன தீங்கு நேரலாம், இதனை இவ்வளவு உறுதியோடு கூறலாம் என்று கணிக்கும் முறையை வெளியிட்டது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு; நண்பர் ஒருவர் நம்மிடமே கேட்டார். "ஆயிரத்தில் ஒருவர் போகட்டும் என்று கணக்குப் போட்டு முடிவு செய்வதா?" நியாயமான கோபம். ஆனால் பத்தால் வகுத்த காலத்திலும் சிலர் வெளியேதான் நின்றனர். எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. வெளிப்படையாக எழுதிய கணக்கைத் தணிக்கை செய்யலாம்; எழுதாத கணக்கை என்ன செய்வது? நமக்குள்ள ஐயம் வேறு. அளக்கப்பெற்றவர் யார்? இத்தகைய எண்களில் பெரும்பகுதி மருந்துச் சோதனைக்கு முன்வந்த ஆரோக்கியமான வயது வந்தோரிடம் எடுத்தவை. நம் அங்கத்தினரிலோ இரத்தசோகையுள்ள பெண்கள் உண்டு, அறுபதைக் கடந்தவர் உண்டு, ஒருவேளை உணவோடு வயலுக்குச் செல்பவர் உண்டு. அவர்களை அளக்காமல் போட்ட பரவல், எவ்வளவு நுட்பமாயினும், நம் ஊருக்குச் சற்று இறுக்கமான சட்டைதான்.

சங்கம் இதில் செய்யக்கூடியது யாது? எலியை வைத்துச் சோதிக்க இயலாது, தேவையுமில்லை. பாஸ்பேட் மருந்துகள் முடக்குவது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை. அதனை இரத்தத்தில் அளக்கலாம். இதிலும் மனிதருக்கு மனிதர் வேற்றுமை மிகுதி. இயற்கையிலேயே உயர்ந்த அளவுடைய ஒருவர் மூன்றில் ஒரு பங்கை இழந்த பின்னும், ஆய்வுச் சீட்டில் "சாதாரணம்" என்றே வரலாம். ஆதலால் ஊர்ச் சராசரியோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரவர் அளவை அவரவரோடு ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் 1974 முதல் இம்முறை சட்டத்தில் உள்ளது. இம்மருந்துகளை அடிக்கடி கையாள்பவரின் அளவைப் பருவத்திற்கு முன்பே எடுத்து வைக்கின்றனர். பின்னர் சிவப்பணுக்களில் அது அவருடைய சொந்த அளவில் 70 சதவிகிதமாகவோ அதற்குக் கீழோ இறங்கினால், மீளும்வரை அவரை அவ்வேலையினின்றும் விலக்குகின்றனர். பத்தைப் பற்றிய விவாதமே இங்கு எழுவதில்லை.

பருவந்தோறும் மருந்து அடிக்கும் அங்கத்தினருக்கு ஆவணி மாதத்தில் ஒருமுறை இரத்தம் எடுத்து, அளவை ஒரு பதிவேட்டில் குறித்து வைப்பது பொதுநல நிதிக்குத் தாங்கமுடியாத செலவன்று. நிதியின் நோக்கத்திற்கு மாறானதுமன்று. துணைவிதிகளைப் பார்த்தபின்பே இதனைச் சொல்கிறோம். அடித்த நாள், மருந்தின் பெயர், அடித்தபின் கண்ட உபாதை ஆகிய மூன்றும் அதே ஏட்டில் ஏறுமாயின், அடுத்த மனு வரும்பொழுது குழுவினர் பதினொருவரின் ஆரோக்கியத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிராது.

நாம் கண்ட அந்த மனுவோடு மருத்துவமனைச் சீட்டு ஒன்று குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. பாஸ்பேட் விஷத்திற்கு முறிவாகிய அத்ரோபின் ஊசி, முதல் நாளிலேயே பலமுறை போடப்பட்டதாக அதில் குறித்திருந்தது. குழுவினர் அதனைப் படித்ததாகத் தீர்மானத்தில் குறிப்பில்லை. தணிக்கைக் குறிப்பில் இதனை எடுத்துக்காட்டி, தீர்மானத்தை மறுபரிசீலனைக்குக் கொணருமாறு எழுதியிருக்கிறோம். வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது ஐந்தாவது இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது என்று காரியதரிசி பதில் எழுதியுள்ளார்.