புகையை விடுபவர் தனியாக நிற்கவேண்டுமா?

எனக்கு வயது 20. சிங்கப்பூரில் எந்தக் கடையும் எனக்குச் சிகரெட் விற்க முடியாது. நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 2019ல் புகையிலை வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18லிருந்து 19 ஆனது. அடுத்த ஆண்டு 20. 2021ல் 21. கடைகளில் சிகரெட்டை வெளியே தெரியும்படி அடுக்கக்கூடாது என்ற விதி 2017 ஆகஸ்ட்டில் வந்தது. 2020 ஜூலையிலிருந்து எல்லா நிறுவனங்களின் பெட்டிகளும் ஒரே மங்கிய பழுப்பு நிறம்தான். பேருந்திலும் திரையரங்கிலும் புகைபிடிக்கத் தடை விதித்த சட்டமோ 1970ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. என் பெற்றோர் பிறப்பதற்கு முன்பு.

இத்தனைக்கும் பலன் இருக்கிறது. 1992ல் இங்குள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைபிடித்தார்கள். 2023ல் அது 8.8 விழுக்காடு. நூறு பேரில் பதினெட்டு, ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. சட்டங்கள் கடுமையாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆஸ்துமா உள்ள பாட்டியோடு வீவக வீட்டில் வளர்ந்தவள் நான். தாழ்வாரத்திலும் கீழ்த்தளத்திலும் புகைபிடிக்கக்கூடாது என்றதும் எங்கள் வீட்டில்தான் முதலில் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் மீதமுள்ள அந்த ஒன்பது பேரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் இடம் மட்டும் சொல்லத் தெரியும்: காப்பிக்கடை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள், ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒதுக்கப்பட்ட மூலைகளில். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம். புகைக்காத நம்மிடமிருந்து அவர்களைப் பிரித்துவைப்பது ஒரு வேலை. புகையை விட அவர்களுக்கு உதவுவது வேறொரு வேலை. முதல் வேலையை நாடு நன்றாகச் செய்துவிட்டது. இரண்டாவது வேலையைச் சட்டத்தால் செய்ய முடியாது. அது நம்மைப் போன்றவர்கள் செய்யவேண்டியது.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? புகையில் உள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அந்த வேகம்தான் பழக்கத்தை இறுக்குகிறது. விட்டபின் முதல் இரண்டு, மூன்று நாள்கள் மிக மோசமானவை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பாடத்திலோ வேலையிலோ மனம் நிற்காது. மூன்று, நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாள்களைக் கடப்பதுதான் பாடு. எந்த உதவியும் இல்லாமல் புகையை விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்தும் விட்டவர்களாகவே இருக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. ஆகவே, ‘மன உறுதி இருந்தா விட்டுடலாம்’ என்று நாம் சொல்லும் அறிவுரை தொண்ணூற்று ஐந்து பேருக்கு உதவாத அறிவுரை.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹேம் நகரில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இதயநோய் ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பங்கேற்றவர்களின் தகவலைக் கொண்டு நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இருவர் 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரை வரைந்து பார்த்தார்கள். 2008ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கணவன், மனைவியில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு. உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடு. உடன்பிறந்தவரைவிட நண்பருக்குச் செல்வாக்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள்! ஒரே மாதிரியானவர்கள்தானே நண்பர்களாகிறார்கள், இதில் எது காரணம், எது விளைவு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரைபடங்கள் காட்டும் இன்னொரு செய்தியை மறுப்பது கடினம். மக்கள் ஒவ்வொருவராக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள். விடாமல் இருந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். தொடக்கத்தில் நடுவில் இருந்தவர்கள், முடிவில் விளிம்பில்.

நம் மஞ்சள் கட்டமும் அந்த விளிம்புதான்.

கூட்டாக விடுவது புதிய யோசனையும் அல்ல. 1970ல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ராண்டால்ஃப் நகரில் ஆர்தர் மல்லேனி என்ற பள்ளி ஆலோசகர், ஒரே ஒரு நாள் சிகரெட்டை விட்டு, மிச்சமாகும் காசை உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் உபகாரச் சம்பள நிதிக்குக் கொடுங்கள் என்று ஊராரைக் கேட்டார். 1974ல் மினசோட்டாவில் ஒரு சிற்றூர்ப் பத்திரிகையின் ஆசிரியர், ‘புகைக்காத நாள்’ ஒன்றைத் தம் ஊரில் நடத்தினார். 1976ல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும், 1977ல் நாடு முழுவதும் அது பரவியது. ஒரு பள்ளி, ஒரு பத்திரிகை. அவ்வளவுதான் தொடக்கம். இங்கிலாந்தில் 2012 அக்டோபரில் ‘ஸ்டாப்டோபர்’ என்ற பெயரில் எல்லாரும் ஒரே நாளில் விடத் தொடங்கி 28 நாள் தாக்குப்பிடிக்கும் இயக்கம் வந்தது. நம் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஐ குவிட்’ திட்டமும் 28 நாள் கணக்கைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 28 நாளா? நம்மவர்கள் 48 நாள் விடுகிறார்களே!

என் மாமா கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். நாளுக்கு ஒரு பெட்டி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசக் காவடிக்காக விரதம் தொடங்கினால் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடமாட்டார். அத்தை சைவம் சமைப்பார். வேலையிடத்தில் கூட்டாளிகள், “அண்ணன் விரதம்” என்று சொல்லி நீட்டிய பெட்டியை இழுத்துக்கொள்வார்கள். அவரோடு காவடி எடுக்கும் நான்கைந்து பேர் மாலையில் கோயிலில் கூடுவார்கள். நிக்கோட்டினின் மிக மோசமான மூன்று நாள்களை மாமா ஆண்டுதோறும் கடக்கிறார். அதற்குப் பிறகு ஆறு வாரத்தையும் கடக்கிறார். மருத்துவக் கணக்குப்படி அவர் விட்டுவிட்டவர். தைப்பூசத்துக்கு மறுநாள் என்ன நடக்கிறது? அத்தை மீன்குழம்பு வைப்பார், கூட்டாளிகள் பெட்டியை நீட்டுவார்கள், மாமா வாங்கிக்கொள்வார்.

ஏன் மாமா, அவ்வளவு தூரம் வந்துட்டு, என்று ஒருமுறை கேட்டேன். “விரதத்துல எல்லாரும் கூட இருக்காங்கம்மா. மறுநாள் எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிடுறாங்க. பத்து மணி பிரேக்குக்கு எல்லாரும் கீழே இறங்கிப் போனா, நான் மட்டும் மேலே உட்கார்ந்து என்ன செய்யிறது?” என்றார்.

புகையிலைக் கட்டுப்பாடு பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மாமா இழக்கப் பயந்தது சிகரெட்டை மட்டுமல்ல, அந்தப் பத்து நிமிடக் கூட்டாளிகளையும்தான். நம் சமூகத்துக்குக் கூட்டாகப் புகையை விட வைக்கத் தெரியும். ஆண்டுதோறும் செய்துகாட்டுகிறோம். ஆனால் மிகத் தேவையான நாளில் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறோம்.

சபரிமலைக்கு மாலை போடுபவர்களின் 41 நாளும் அப்படித்தான். ரமலானில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் புகைக்காமல் இருந்துவிட்டு நோன்பு திறந்ததும் சிகரெட்டைத் தேடும் தமிழ் முஸ்லிம் நண்பர்களையும், தவக்காலத்தின் 40 நாளில் விட்டுவிட்டு ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கும் கிறிஸ்தவ நண்பர்களையும் நீங்களும் பார்த்திருக்கலாம். விட முடியாதவர்கள் அல்ல இவர்கள். விட்டதற்குப் பிறகு துணை இல்லாதவர்கள்.

பள்ளிகளில் நாம் செய்வது வேறு. தொடக்கநிலை ஐந்தில் நான் கறுத்த நுரையீரல் படம் வரைந்து சுவரொட்டிப் போட்டியில் பத்து வெள்ளி புத்தகப் பற்றுச்சீட்டு வென்றேன். மாமா அதை மிகவும் பாராட்டினார். பாராட்டிவிட்டு வெளியே போய் ஒன்று பற்றவைத்துக்கொண்டார். சுவரொட்டி புகைக்காத பிள்ளைகளுக்குப் பயன்படலாம். ஏற்கெனவே புகைப்பவருக்கு அந்தப் படம் அவர் பெட்டியிலேயே அச்சாகி இருக்கிறது.

இனி நம் வயதினருக்கு வருகிறேன். நம் வகுப்புகளில் இன்று சிகரெட்டைவிட மின்சிகரெட்டுதான் பெரிய விஷயம். சிகரெட் பிடிப்பவருக்காவது மஞ்சள் கட்டம் உண்டு, நான்கு பேர் பேசிக்கொண்டு நிற்கலாம். மின்சிகரெட் வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். எனவே அது கழிப்பறையிலும் படுக்கையறையிலும் தனியாக நடக்கிறது. அதில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்கத் தொடங்கியபின் நிலைமை இன்னும் மோசமாகி, 2025 செப்டம்பர் முதல் தேதி அந்த மருந்து ‘சி’ பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. தண்டனைகளும் கடுமையாயின. விற்பவர்களைப் பொறுத்தவரை எவ்வளவு கடுமையானாலும் தகும்.

ஆனால் 16 வயதில் மாட்டிக்கொண்டு, விட ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்லப் பயப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரிடம் சொன்னால் பள்ளி நடவடிக்கை எடுக்குமோ? அப்பாவிடம் சொன்னால் அடியோ? அதே 2025ல் அரசு இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: தாமாக முன்வந்து உதவி கேட்பவர்கள்மீது நடவடிக்கை கிடையாது. சமூக மன்றங்களில் தொட்டிகள் வைத்து, கருவிகளைப் போட்டுவிட்டுப் போங்கள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னது. அபராதத் தொகை எவ்வளவு என்று என் நண்பர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த இரண்டாவது செய்தி பாதிப் பேரை எட்டவில்லை. இதைப் பரப்புவது மாணவர்களால் முடிந்த வேலை, அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. வாரியத்தின் இலவசத் தொலைபேசிச் சேவை எண் 1800 438 2000.

நண்பரிடம், “எப்ப விடப்போற?” என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை. அவர் அதைத் தினமும் தம்மையே கேட்டுக்கொள்கிறார். புகைக்கவேண்டும் என்ற ஆவல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களில் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். “வா, கீழே போய் தே ஓ குடிக்கலாம்” என்று சொல்லப் பெரிய பயிற்சி தேவையில்லை. மறுபடி பிடித்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். விட்டவர்களில் பலர் பலமுறை முயன்றே விட்டிருக்கிறார்கள்.

இப்படிப் புகைப்பவர்களோடு சேர்ந்து நிற்பது அந்தப் பழக்கத்தையே சாதாரணமாக்கிவிடும் என்று தோழி ஒருத்தி வாதாடினாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் புகைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் புகைக்காத நேரத்தில் பக்கத்தில் இருங்கள் என்பதுதான் பேச்சு.

நம்மில் பலர் வாரயிறுதியில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கச் செல்லும் தொண்டூழியர்கள். குட்கா, கைனி, ஜர்தா போன்றவற்றுக்கு இங்கே 2016 ஆகஸ்ட் முதல் தடை. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் சிலர் இங்கே சிகரெட்டுக்கு மாறியதாக என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்தவர்கள் துணை இல்லாதவர்களிலும் துணை இல்லாதவர்கள். ஆங்கில வகுப்பு முடிந்தபின் தமிழில் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசலாமே.

பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் உள்ள நம் தமிழ், இந்தியப் பண்பாட்டு மன்றங்களிடம் ஒரு வேண்டுகோள். நாடகத்துக்கும் பொங்கலுக்கும் நீங்கள் ஆள் திரட்டும் திறமை எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு மறுநாள் தொடங்கி 28 நாளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். காவடி எடுத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், மருமக்கள், விட நினைக்கும் மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் புகைக்காத ஒரு துணை. 2025ல் ஒரு பெட்டி 15 வெள்ளி அளவில் விற்றது. நாளுக்கு அரைப் பெட்டி பிடிப்பவர்கூட 28 நாளில் 200 வெள்ளிக்கு மேல் மிச்சப்படுத்துவார். மல்லேனி செய்ததுபோல் அதில் ஒரு பங்கை யாராவது ஒரு மாணவரின் படிப்புக்குக் கொடுக்கச் சொல்லலாம். 48 நாள் விரதம் இருப்பவர்கள் தைப்பூசத்துக்கு ஏறத்தாழ ஏழு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். அவர்களிடம் பேசவேண்டிய நேரம் அதுதான், பூசத்தன்று அல்ல. என் மாமாவைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. அவருடைய கூட்டாளிகள் மூவரைச் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கப்போகிறேன். பத்து மணி பிரேக்கில் மேலே உட்கார அப்போது நால்வர் இருப்பார்கள்.