ஒரு பிழைக்கு இரு தண்டனையா?

மலர்க் குழுவினர் எம்மிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயின் தமிழாசிரியர் விளையாட்டைப் பற்றி எழுதுதல் ஆகாதென எந்த இலக்கணமும் விதித்திலது. நடுவர் என்னும் சொல்லும் நடுவுநிலைமை என்னும் சொல்லும் ஓரடியிற் பிறந்தவை. அவ்வுறவு மைதானத்தில் அற்றுப்போகக் கண்டமையாலேயே இதனை எழுதலானோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது கற்பித்த பாடசாலையின் 15 வயதுக்குட்பட்டோர் துடுப்பாட்டக் குழுவில், வயதெல்லையை மூன்று மாதம் கடந்த மாணவன் ஒருவன் ஆடிவிட்டான். பிறப்புப் பத்திரத்தைச் சரிபாராதது ஆசிரியராகிய எமது பிழை. குழு முழுவதும் அப்பருவத்துப் போட்டிகளினின்றும் நீக்கப்பட்டது. அதனை ஏற்றோம். அதே பருவத்தில், பெயரும் பழைய மாணவர் பலமும் மிக்க மற்றொரு பாடசாலை அதே பிழையைச் செய்தபோது எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு காரியம் முடிந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறிப் பயிற்சிக்கு வரும் பந்து வீச்சாளன் ஒருவன், “சேர், இரண்டும் ஒரே பிழைதானே?” என்று கேட்டான். இலக்கண வினாவாயின் விடை கூறியிருப்போம்.

பெரியோர் விளையாட்டிலும் இக்குறை உண்டு. 2016 நவம்பரில் ஹோபாட் டெஸ்டில், வாயிலிருந்த இனிப்பின் எச்சிலாற் பந்தை மெருகேற்றினாரெனத் தென்னாபிரிக்கத் தலைவர் டு பிளெசி குற்றவாளியாகக் காணப்பட்டார். போட்டி ஊதியம் முழுவதும் தண்டம், தடை இல்லை. அடுத்து அடிலெய்டில் ஆடிச் சதமும் பெற்றார். 2018 ஜூனில் சென் லூசியாவில் எமது தலைவர் சந்திமாலும் அவ்வாறே இனிப்பினாற் குற்றவாளியானார். அவருக்கோ தண்டத்தின் மேல் ஒரு டெஸ்ட் தடையும் வந்தது. அவர் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. இரண்டுக்கும் இடையே, 2018 மார்ச்சில், கேப் டவுனில் அவுஸ்திரேலியர் பந்தைச் சேதப்படுத்த முயன்ற செய்தி உலகைக் கொதிக்கச் செய்திருந்தது. குற்றத்தின் அளவு ஏறவில்லை. சினத்தின் அளவே ஏறிற்று. 2018 ஜூலையிலேதான் சர்வதேசச் சபை இக்குற்றத்துக்குரிய தடையின் உச்சத்தை ஆறு டெஸ்டாக உயர்த்தி விதியில் எழுதிற்று. கடுமை வேண்டுமாயின் அதுவே வழி: முதலில் எழுத்து, பின்னர் தண்டனை.

கல்லூரி விளையாட்டில் இதனினும் கொடிய கதை அமெரிக்காவில் உண்டு. டெக்சஸ் மாநிலத்துத் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், உதைபந்தாட்ட வீரர்க்கு மறைவாகப் பணம் கொடுக்கப்பட்டு வந்தது. கொடுத்தோர் யாரெனிற் கல்லூரிப் பற்று மிக்க ஆதரவாளர்களே. (பழைய மாணவராகிய அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க!) கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1987ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இரத்துச் செய்தது. காசொன்றும் தொடாத இளைஞரும் ஆட்டமிழந்தனர். கொடுப்பனவைத் தொடர இசைந்த ஆட்சிக் குழுத் தலைவர் பில் கிளெமன்ட்ஸோ அவ்வாண்டில் மாநில ஆளுநர் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அத்தண்டனை அதன்பின் வேறெந்தப் பெரும் பல்கலைக்கழக உதைபந்தாட்டக் குழு மீதும் விதிக்கப்பட்டிலது. விதி அழியாதிருக்க, அதனை எடுத்தாளும் துணிவு மட்டும் அழிந்தது போலும்.

எம் பாடசாலைப் பிள்ளைகளிடம் மீள்வோம். பத்திரத்தைப் பாராத ஆசிரியர் தண்டிக்கப்படட்டும். நாம் அதற்கு உடன்படுவோம். உரிய வயதுடைய ஏனைய பதின்மர் ஒரு பருவத்தை இழப்பது எந்நியாயம்? பதினைந்து வயதினனுக்கு அப்பருவம் மறுபடி வாராது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை மறு ஆண்டு பயிற்சிக்கு வரவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் ஒருநாள் அவனைக் கண்டோம். விளையாட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

விளையாட்டுச் சங்கங்களின் ஒழுக்காற்றுக் குழுக்களில் எம் பழைய மாணவர் சிலரும் இருத்தல் கூடும். அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். அடுத்த முறைப்பாடு மேசைக்கு வருகையில், பாடசாலையின் பெயரை மறைத்து வைத்து, அதே பிழைக்குச் சென்ற முறை என்ன விதித்தோம் என்பதை முதலில் உரக்க வாசியுங்கள். தீர்ப்பைக் காரணத்தோடு எழுதி எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்புங்கள். அஞ்சற் செலவு பெரிதன்று.