கூலி மானியம் யாருக்குப் போய்ச் சேர்கிறது?

அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது உயரவே இல்லை. கூலி நகராத இடத்தில் ஏழைத் தொழிலாளரைத் தாங்கிப் பிடிப்பது 1975இல் வந்த ‘ஈட்டிய வருமான வரிச்சலுகை’. கட்டவேண்டிய வரியைவிடச் சலுகை கூடுதலாக இருந்தால், மீதியை அரசு ரொக்கமாகவே தந்துவிடும். இரண்டு குழந்தைகளை வளர்க்கும் தாய் ஆரம்பத்தில் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் மேலும் 40 டாலர் கிடைக்கும். வேலையே இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது. இந்த நிபந்தனை இருப்பதால்தான் ரீகன், கிளின்டன் என இரு கட்சி அதிபர்களும் இதை விரிவாக்கினார்கள்.

வேலைவாய்ப்பில் பலன் தெரிந்தது. 1986 விரிவாக்கத்துக்குப் பின் கணவர் துணையில்லாத தாய்மார் கூடுதலாக வேலைக்கு வந்தார்கள் என்று பொருளாதார வல்லுநர்கள் ஐசாவும் லீப்மனும் 1996இல் காட்டினார்கள். தொண்ணூறுகளிலும் இந்தப் போக்கு தொடர்ந்ததில் அப்போதைய பொருளாதார எழுச்சிக்கும் பங்குண்டு என்ற மறுப்பு பின்னர் எழுந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. வேலை தேடி வருவோர் பெருகினால் முதலாளி கூலியை உயர்த்தாமலே ஆள் பிடிக்க முடியும். அரசு செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் சுமார் 36 சென்ட், குறைந்த கூலியின் வழியாக முதலாளிகளுக்கே போகிறது என்று பொருளாதார வல்லுநர் ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் 2010இல் மதிப்பிட்டார். அதே வேலைக்குப் போட்டியிடும் குழந்தையற்ற தொழிலாளிக்கு இரட்டை அடி: கூலியும் இறங்குகிறது, சலுகையும் பெயரளவுக்குத்தான். 2023இல் அவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சமே 600 டாலர். மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கோ 7,430 டாலர் வரை.

ஏற்றத்தாழ்வின் அடித்தட்டு இன்னும் கீழே இருக்கிறது: வேலையே இல்லாததால் இந்தச் சலுகை எட்டாத குடும்பங்கள். 2021இல் பெற்றோருக்கு வேலை இருக்கிறதா என்று கேட்காமல், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர் வரை தந்தார்கள். அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. அந்த உதவி நின்ற மறு ஆண்டே அது 12.4 சதவீதம். பணம் வந்தால் பெற்றோர் வேலையை விட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் பயமுறுத்தினார்கள். அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு பெரிய சரிவைக் காணவில்லை.

இதற்காக வரிச்சலுகையைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு அடியில் ஒரு தளம் வேண்டும். 7.25 டாலரை உயர்த்தி, விலைவாசியோடு சேர்ந்து அது தானாக ஏறும்படி சட்டம் செய்தால், மானியத்தைக் காட்டிக் கூலியை அமுக்க முதலாளிக்கு இடமிருக்காது. இதைச் செய்யவேண்டியது அமெரிக்க நாடாளுமன்றம். அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தட்டிக்கழித்து வருகிறது.