கேளம்பாக்கம் யார் பக்கம்?

“கேளம்பாக்கம் யார் பக்கம்?” என்று கேட்கிறார்கள். பறக்கின்ற கொடிகளை எண்ணிப் பார்த்து விடை கூறுகிறார் ஒருவர். சாதிகளை எண்ணிப் பார்த்துச் சாத்திரம் சொல்கிறார் மற்றொருவர். தோழர்களே, இரண்டும் கணக்கல்ல என்கிறோம் நாம். ஏட்டிலே இருக்கின்ற கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

கேளம்பாக்கம் அடங்கிய திருப்போரூர்த் தொகுதி, 2006-ல் தி.மு.க. அணியிலே நின்ற பா.ம.க.வுக்கு வெற்றி தந்தது. 2011-லும் 2016-லும் அ.தி.மு.க.வுக்கு மாலை சூட்டியது. 2019 இடைத்தேர்தலிலே கழகத்தின் இதயவர்மனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2021-ல் நமது அணியிலே நின்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ்.பாலாஜி வென்றார், அவரிடம் தோற்றது, எதிரணிக்குப் போய்விட்ட அதே பா.ம.க.!

இதன் பொருள் என்ன? இந்தத் தொகுதி எவருக்கும் எழுதிக் கொடுத்த சொத்தல்ல, பட்டா போட்ட நிலமல்ல. அணி மாறினால் முடிவு மாறுகிறது. எந்தக் கட்சியும் ‘இது என் கோட்டை’ என்று கூறிக்கொண்டு கோட்டைக்குள்ளே குறட்டை விட முடியாது.

2021-ல் வெற்றியின் அளவு எவ்வளவு? 1,947 வாக்குகள்! தொகுதியிலே 300 வாக்குச்சாவடிகள் என்று வைத்துக்கொண்டாலும் சாவடிக்கு ஆறேழு வாக்குகள்தான். ஒரு வீட்டிலே இருப்பவர் தொகை! அந்த ஒரு வீடு வராமற் போயிருந்தால்? 1967-ல் விருதுநகரிலே பெருந்தலைவர் காமராசரே தோற்றது 1,285 வாக்குகளில் என்பதை மறந்தவர்கள், தேர்தலையே மறந்தவர்கள்.

சரி, வராதவர் எத்தனை பேர்? 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே, திருப்போரூரை உள்ளடக்கிய காஞ்சிபுரம் தொகுதியில் பதிவானது நூற்றுக்கு 71.68. அதாவது 28 பேர் வரவில்லை. அதே சாலையிலே வடக்கே சென்றால் வருகின்ற தென்சென்னையில் பதிவானது 54.17! தருமபுரியிலோ 81.20. பட்டணம் நெருங்க நெருங்க வாக்கு சுருங்குகிறது. பழைய மாமல்லபுரம் சாலை வழியே அந்தப் பட்டணம் கேளம்பாக்கத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது, தோழர்களே!

“வராதவர் சோம்பேறிகள், படித்த சீமான்கள்” என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படி ஏசமாட்டோம். உப்பளத்திலே கால் வெடிக்க உழைக்கின்றவர், சிறுசேரிக் கட்டடங்களிலே கண் விழித்துக் காவல் காப்பவர், அடுக்குமாடி எழுப்பிவிட்டுத் தகரக் கொட்டகையிலே படுக்கின்ற கொத்தனார், சித்தாள்—இவர்கள் சீமான்களா? வாழ்வது இங்கே, வாக்குப் பட்டியலிலே பெயர் இருப்பது சொந்த ஊரிலே! போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் கட்டணம் போகும். வாடகை வீடு மாறும்போதெல்லாம் பாத்திரம் பண்டம் வந்துவிடுகிறது. வாக்கு மட்டும் வருவதில்லை.

வாக்குப் பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு கூறுகிறது. தினக்கூலிக்கும் அது உண்டு. மீறுகின்ற முதலாளிக்கு என்ன தண்டனை? 500 ரூபாய் வரை அபராதம்! அந்தச் சட்டத்தைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னவர் நம்மிலே எத்தனை பேர்?

2025 டிசம்பரிலே, சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என்று காரணம் கூறினார்கள். இறந்தவர் பெயர் நீங்கட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால், இடம் பெயர்ந்தவன் இறந்தவனா? பழைய ஊரிலே நீக்கப்பட்டு, புதிய ஊரிலே சேர்க்கப்படாதவன், உயிரோடு இருந்தும் ஓட்டில்லாதவன் ஆகிறான். ஓட்டில்லாதவன் தெருவுக்கு விளக்கு கேட்டால், குடிநீர் கேட்டால், எந்த வேட்பாளன் செவி சாய்ப்பான்?

ஆஸ்திரேலியாவிலே 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், வராதவருக்கு அபராதம். நமக்குத் தண்டம் வேண்டாம், தொண்டு போதும்! தேர்தல் வந்தால் சுவரிலே எழுதுகிறோம், மேடையிலே முழங்குகிறோம். பட்டியலை யார் படிப்பது? புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. வீடு மாறியவருக்குப் படிவம் 8. இந்த இரண்டு தாள்களும் ஒவ்வொரு கிளைச் செயலாளரின் பையிலும் இருக்கட்டும். தகரக் கொட்டகைக்கும் செல்லுங்கள், அடுக்குமாடிக்கும் செல்லுங்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் வரட்டும். பிறகு அவர் உள்ளத்திலே இடம் பிடிப்பது நம் கொள்கையின் பொறுப்பு, நம் உழைப்பின் பொறுப்பு.

கேளம்பாக்கம் யார் பக்கம் என்று இனி எவரேனும் கேட்டால், ‘தன்னைத் தேடி வருபவர் பக்கம்’ என்று கூறுங்கள். கூறிவிட்டு நின்றுவிடாதீர்கள். தேடிப் புறப்படுங்கள்!