விருந்தினர் நிறைந்தார், வீட்டார் மறைந்தார்!

சவ ஊர்வலங்கள் எத்தனையோ கண்டிருக்கிறோம். ஆனால், ஓர் ஊருக்கே சவ ஊர்வலம் நடந்ததை இத்தாலியின் வெனிஸ் நகரில்தான் கண்டோம். 2009 நவம்பர் மாதம் அது. பெருங்கால்வாயில் படகுகள் அணிவகுத்து வந்தன. அவற்றினிடையே ஒரு சவப்பெட்டி. உள்ளே பிணமில்லை. செத்தது தங்கள் ஊர்தான் என்றார்கள் ஊர்க்காரர்கள். தீவு நகரத்தின் குடிமக்கள் தொகை அறுபதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டதற்காக அவர்கள் கொண்டாடிய துக்கம் அது! கரையில் நின்ற நாமோ, மற்றப் பயணிகளோடு சேர்ந்து சிரித்தோம், படமெடுத்துக்கொண்டோம். வேடிக்கை என்று எண்ணினோம்.

பிழைப்பின் பொருட்டு ஜெர்மனியில் வாழும் நாம், 2024 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மீண்டும் அங்கே சென்றோம். இம்முறை சிரிப்பு வரவில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் சீட்டுக் கேட்டார்கள். ரயில் சீட்டு அல்ல. ஊருக்குள் நுழையும் சீட்டு! இரவு தங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 5 யூரோ கட்டவேண்டும் என்ற விதி, 2024 ஏப்ரல் 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கட்டினோம், நடந்தோம். முன்பு ரொட்டி வாங்கிய கடையில் முகமூடி விற்கிறார்கள். துணி காய்ந்த சாளரங்களில், வாடகை அறைகளின் சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன. ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக் கடையின் சாளரத்தில், ஊரின் மக்கள்தொகையைக் காட்டும் எண் பலகை 2008 முதல் இருக்கிறது. நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல ஊரின் நாடியைப் பார்க்கிறார்கள்! அந்த எண் ஐம்பதாயிரத்துக்கும் கீழே நின்றது.

1951இல் அதே தீவு நகரத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,75,000 பேர். எங்கே போனார்கள் அவர்கள்? கொள்ளைநோய் வந்ததா? போர் மூண்டதா? இல்லை. 1966 நவம்பர் 4ஆம் நாள் கடல் பொங்கிக் கீழ்த்தள வீடுகளைப் பாழாக்கியது உண்மை. எதிர்க்கரையிலுள்ள மெஸ்த்ரேயில் வசதியான வீடும் ஆலை வேலையும் கிடைத்ததால் பலர் தாமாகவே போனதும் உண்மை. ஆனால், பிறகு நடந்தது வேறு. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிக்கு நாள் வாடகைக்கு விடுவதில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டார்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். பயணிகளுக்கான படுக்கைகள் குடிமக்களின் எண்ணிக்கையை விஞ்சிவிட்டன என்று 2023இல் ஊர்க்காரர்களின் குழுக்கள் கணக்கிட்டு அறிவித்தன. வீட்டாரைவிட விருந்தினருக்குப் பாய் அதிகம்!

“பயணிகள் வருவதால்தானே ஊருக்குச் சோறு?” என்று கேட்பார்கள். யாருக்குச் சோறு என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். விடுதியில் படுக்கை விரிப்பவரும், உணவகத்தில் தட்டுக் கழுவுபவரும் அந்த ஊரில் குடியிருக்க முடிகிறதா? அவர்களில் எத்தனையோ பேர், வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் உள்பட, மெஸ்த்ரேயில் குடியிருந்துகொண்டு காலையில் பாலம் தாண்டி வருகிறார்கள். இரவில் பாலம் தாண்டித் திரும்புகிறார்கள். உழைப்பு தீவிலே, உறக்கம் கரையிலே!

நுழைவுக் கட்டணத்தால் கூட்டம் குறையும் என்றார்கள். முதல் ஆண்டில் 29 நாட்களில் ஏறத்தாழ 4,85,000 பேர் கட்டினார்கள். சுமார் 24 லட்சம் யூரோ வசூலாயிற்று. 2025இல் கட்டண நாட்கள் 54 ஆயின; கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோ என்றும் ஆயிற்று. வசூலுக்குக் குறைவில்லை. ஆனால், வாசலில் சீட்டுக் கிழித்தால் வீட்டு வாடகை இறங்கிவிடுமா? கண்காட்சிக்குத்தான் நுழைவுச் சீட்டு, ஊருக்கு எதற்கு?

செய்ய வழியில்லை என்று சொல்லாதீர்கள். கண்ணெதிரே ஒரு சான்று உண்டு. அரண்மனைகளைவிட உயரமான உல்லாசக் கப்பல்கள் நகரின் நடுவே கால்வாயில் ஊர்ந்தன. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019 ஜூனில் ஒரு கப்பல் கட்டுமீறிக் கரையிலும் ஒரு பயணிப் படகிலும் மோதியது. கடைசியில் 2021 ஆகஸ்ட் முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியே வரக்கூடாதென்று இத்தாலிய அரசு தடுத்தது. கப்பலைத் தடுக்க முடிந்தவர்களுக்கு, வாடகைக் கொள்ளையைத் தடுக்க முடியாதா? நாள் வாடகைக்கு விடுவதற்கு வரம்பு கட்டும் தனி அதிகாரத்தை 2022இல் நாடாளுமன்றமே வெனிஸ் நகராட்சிக்கு வழங்கியது. அந்த அதிகாரம் ஏட்டில் உறங்க, கட்டணச் சீட்டு விழித்துக்கொண்டது!

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. 2009இல் நாம் தங்கியது விடுதியில் அல்ல. மலிவு என்று ஒரு குடியிருப்பு வீட்டில்தான். அதில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று அன்று நாம் கேட்கவில்லை. இன்று கேட்கிறோம். ஊர் என்பது கல்லும் கால்வாயும் அல்ல. அங்கே பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, அக்கம்பக்கத்தோடு சண்டையிட்டுச் சமாதானமாகும் மக்களே ஊர். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கொடுப்பதே மருந்து. மற்றவை எல்லாம் பூச்சு. வீட்டாரை வாழவிடுங்கள், விருந்தினர் வந்துகொண்டேதான் இருப்பார்கள்!