சொல்லும் பொருளும்: போயர்

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் யுத்தத்தைக் காந்தியடிகளின் வரலாற்றில் படித்திருப்பீர்கள். அதில் சிறைப்பட்ட போயர்களில் ஒரு பகுதியினர் நம் திருச்சிராப்பள்ளி முகாமிலும் வைக்கப்பட்டிருந்தனர். யார் இந்தப் போயர்கள்? (கல்வேலையில் கைதேர்ந்த நம் நாட்டுப் போயர் சமூகத்தாரின் பெயர் வேறு, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.)

டச்சு மொழியில் ‘பூர்’ என்று ஒலிக்கும் இச்சொல்லுக்கு உழவன் என்பதே பொருள். ஓரிடத்தில் குடியிருந்து நிலத்தைப் பண்படுத்துபவன் என்னும் கருத்தில் பிறந்தது. நம் ‘குடியானவன்’ போல. அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் இவ்வேரினதே. உழுபவனை இகழும் பட்டணத்தார் எங்கும் உளர் போலும்! ஆங்கிலத்தில் ‘பூர்’ என்றால் நாகரிகமற்ற முரடன்.

1652-ல் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய டச்சுக் கம்பெனி, 1657-ல் தன் ஊழியர் சிலரை விடுவித்து, நிலமளித்துப் பயிரிடச் செய்தது. போயர் இனத்தின் தொடக்கம் அதுவே. மறு ஆண்டில் அதே கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது. அடுத்து வந்த பஞ்சத்தில் காவிரிச் சமவெளியின் ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டு இக்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர். நன்னம்பிக்கை முனையில் உழைத்த அடிமைகளிலும் சோழமண்டலக் கரையினர் இருந்தனர். உழவன் என்ற பெயரைத் தாங்கியவர் ஒருவர். அவர் வயலில் மண்வெட்டி பிடித்தவர் வேறொருவர்! 1834-ல் ஆங்கிலேயர் அடிமைமுறையை ஒழித்தபோது, போயர்கள் பெருந்திரளாக உள்நாடு நோக்கிப் பெயர்ந்ததற்கு அந்த மனத்தாங்கலும் ஒரு காரணம்.

தஞ்சைத் தரணியில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. நிலம் மிராசுதாருடையது, ஏரும் சேறும் பண்ணையாளுடையவை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, நினைத்த மாத்திரத்தில் அவரை வெளியேற்றத் தடையேதும் இருந்ததில்லை. ‘விவசாயி’ என்ற சொல் இருவருள் யாரைக் குறித்தது?

போயர்களின் டச்சுமொழி, அடிமைகளின் நாவிலும் புழங்கித் திரிந்து ‘ஆப்பிரிக்கான்ஸ்’ ஆயிற்று. அதனை முதன்முதல் ஏட்டில் எழுதியோருள் கேப் டவுன் முஸ்லிம்கள் முன்னிற்கின்றனர். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியவாறே, அவர்களும் மதரஸாக்களில் அம்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அபூபக்கர் எஃபெந்தி இயற்றிய ‘பயானுத்தீன்’ 1877-ல் இஸ்தான்பூலில் அச்சேறியது. போயர்கள் தமக்கே உரியதெனப் பெருமை கொண்ட மொழியின் பழைய அச்சு நூல்களுள் ஒன்று, வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது!