அந்தியில் இடறும் பிள்ளை

டிக்கோயாவில் பனிமூட்டம் இறங்கும் அந்தி வேளையில், லயத்துக்கு ஏறும் படிகளில் ஒரு பிள்ளை கால் இடறினால், "கண்ணைத் திறந்து நட" என்று அதட்டுவது நம்மவர் வழக்கம். மறுநாள் பகலில் அதே பிள்ளை புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கும். ஆகவே, குறை கண்ணில் இல்லை, கவனத்தில்தான் என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். இம்முடிவு பல வேளைகளில் அநீதியாகிவிடுகிறது.

மாலைக்கண் என்றதும் முருங்கைக்கீரையும் பப்பாளிப்பழமும் நினைவுக்கு வருகின்றன. விற்றமின் 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை நல்ல உணவே. ஆனால், பரம்பரையாக வரும் மாலைக்கண் ஒன்றும் உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனப்படும் அந்நோய், உலகில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு உண்டாகிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைக் கலங்கள் முதலில் மடிகின்றன. பின்னர் பக்கப் பார்வை குறுகிக்கொண்டே வருகிறது. நடுப்பார்வை நெடுங்காலம் நிலைப்பதால் நோய் மறைந்தே வளர்கிறது.

மறைந்திருப்பதை வெளிப்படுத்துவது விழித்திரைப் படம். 1851ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கருவி, விழியின் உட்புறத்தை வைத்தியர்கள் காண வழி செய்தது. 1991ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற ஓ.சி.டி. முறையோ, ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுகிறது. கத்தியுமில்லை, நோவுமில்லை.

"மருந்தில்லாத நோய்க்குப் படம் எதற்கு?" என்று கேட்கலாம். ஆர்.பி.ஈ.65 என்னும் ஒரு பரம்பரையலகின் குறையால் வரும் பார்வையிழப்புக்கு, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் சிகிச்சையொன்று அங்கீகரிக்கப்பட்டது. அதுவும் உயிருள்ள கலங்கள் எஞ்சியிருப்பவர்க்கே பயன்படும். எஞ்சியிருப்பதை அறியப் படம் வேண்டும். ஏனையோர்க்கும், எத்தொழிலைத் தெரிவது, எவ்வழியில் நடப்பது என்று முன்கூட்டியே திட்டமிட அது உதவும்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் வழக்கம். தாய் தந்தை இருவரும் ஒரே குறையை மறைவாகச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. உறவு மணத்தில் இருவரும் அவ்வாறு சுமக்கும் வாய்ப்பு மிகுதி. இது குலசாபமுமன்று, தாயின் குற்றமுமன்று. ஆகவே, ஒரு பிள்ளைக்கு நோயிருப்பின் உடன்பிறந்தாரையும் காட்டுவதே முறை.

இந்திய உதவியுடன் கட்டப்பெற்ற டிக்கோயா வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. ஒரு நாட் கூலி போகுமே என்ற கவலையை நாம் அறியாதவரல்லர். ஆயினும், அந்தியில் இடறும் பிள்ளையை அதட்டுவதை விட்டு, அதன் கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.